ஹெச்.ஆர். விடுப்பில் இருக்கிறார்

“ஆயுத பூஜைக்குப் பொரி குடுத்தீங்க. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தீங்க. போன மாசம் எல்லாருக்கும் கண்ணு டெஸ்ட் பண்ணி வெச்சீங்க. சந்தோசமுங்க சார். அதனால ஒரு பம்பாவது கூடுதலா வெளிய போச்சுங்களா? அதைத்தான் நான் கேக்கறேன்” என்றாள் ஹர்ஷிணி.

பிரான்சிஸ் கையிலிருந்த டைரியைப் புரட்டினான். எட்டு வருடமாக அந்தக் கம்பெனியின் மனிதவள மேலாளர் அவன்தான். இத்தனை காலத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று குளிக்கும்போது சில நாள் அவனே நினைத்துப் பார்த்து, அவசரமாகத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டதுண்டு.

பீளமேட்டில் அவினாசி ரோட்டைவிட்டு உள்ளே திரும்பினால், பட்டறையாக ஆரம்பித்துக் கம்பெனியாக வளர்ந்த அந்த மோட்டார் பம்ப் தொழிற்சாலை வரும். அறுபது பேர் வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது பம்பு. மழை பெய்தாலும் நூற்றிருபது, வெயில் அடித்தாலும் நூற்றிருபது. முதலாளி குமாரசாமி அதைப் பார்த்தே முப்பது வருடம் நிம்மதியாக இருந்துவிட்டார். வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த அவர் மகள் ஹர்ஷிணிக்கு அந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை.

“மனிதவளம் நல்லா இருந்தா உற்பத்தி ஏறும்னு நான் படிச்ச புஸ்தகம் எல்லாம் சொல்லுதுங்க சார். நம்மகிட்ட அப்படி நடக்குதான்னு தெரியோணும். மூணு வாரம் எடுத்துக்குங்க. ஒரே ஒரு கிராஃப் போதும். நீங்க ஏதோ ஒண்ணு செய்யறீங்க, எண்ணிக்கை ஏறுது. அவ்வளவுதான். ஏறலைன்னா…”

என்ன படித்தாலும் அவள் கோயமுத்தூர்க்காரி. அந்த வாக்கியத்தை அப்படியே முடிக்க மனம் வரவில்லை. “ஏறலைன்னா, நீங்களே யோசிச்சு ஒரு முடிவு சொல்லீருங்க சார்” என்று முடித்தாள்.

இவ்வளவு மரியாதையாக ஒருவனை வேலையைவிட்டு அனுப்ப முடியுமா என்று பிரான்சிஸ் வியந்துகொண்டே வெளியே வந்தான்.

வீட்டுக்குப் போனால் அங்கே அறுநூறு கல்யாணப் பத்திரிகை வந்து இறங்கியிருந்தது. தங்கை எழிலுக்கு அடுத்த மாதம் சர்ச்சில் கல்யாணம். மனைவி கிருபா கட்டைப் பிரித்து ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். அழைப்பவரான அவன் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் ‘மனிதவள மேலாளர்’ என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க வந்த அன்று, பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட ‘அண்ணன் என்ன பண்றாருங்க’ என்று விசாரித்த நேரம் அதிகம். அந்தப் பதவியைக் கேட்ட பிறகுதான் காபியை எடுத்துக் குடித்தார்கள்.

“எழுத்து நல்லா பளபளன்னு வந்திருக்குதில்லீங்க?” என்றாள் கிருபா.

“அச்சடிச்சதை அழிக்க முடியுமா கிருபா?”

“ஏனுங்க அழிக்கோணும்?”

அவன் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கிருபா அறுநூறு பத்திரிகையையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு தோசை வார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் பிரான்சிஸ் முதல் திட்டத்தைத் தொடங்கினான். வாரம் ஒரு சிறந்த தொழிலாளி. அவர் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கேட்டுக்கு முன்னால் மாட்டுவது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் நாமும் அங்கே தொங்க வேண்டும் என்று ஆசை வரும். எண்ணிக்கை ஏறும்.

முதல் வாரத்துக்கு வைண்டிங் பிரிவின் பாவாத்தாள் தேர்வானாள். சோமனூர்க்காரி. பதினைந்து வருடமாக மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றுகிறாள். படம் எடுக்கக் கூப்பிட்டால் வெட்கப்பட்டு ஓடிவிட்டாள். பிரான்சிஸ் அவள் ஆதார் அட்டையில் இருந்த படத்தையே எடுத்துப் பெரிதாக்கினான். படத்துக்கு இடது பக்கம் அவள் வேலைக்குச் சேர்ந்த தேதி, வலது பக்கம் விருது கிடைத்த தேதி. விருதுப் படத்தைச் சும்மா மாட்ட செக்யூரிட்டி அங்கப்பனுக்கு மனம் வரவில்லை. தன் சொந்தச் செலவில் ஒரு சந்தன மாலை வாங்கிப் போட்டு, மேலே சின்ன சீரியல் லைட்டும் எரியவிட்டார். காலையில் பார்த்தபோது பிரான்சிஸுக்கே மனதில் ஏதோ இடறியது. ஆனால் எது என்று தெரியவில்லை.

பாவாத்தாளின் கொழுந்தனாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் நூல் பை ஏற்றிய லோடு ஆட்டோவில் அந்த வழியாகப் போனவர், படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், இரண்டு தேதியைப் பார்த்தார். ஆட்டோவை அங்கேயே நிறுத்திவிட்டு ஊருக்குப் போன் போட்டார்.

பதினொரு மணிக்கு இரண்டு வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஓடி வந்தவள் பாவாத்தாள்.

“ஏனுங்க, ஆருங்க செத்துப்போனது?” என்று கேட்டாள்.

அவளுடைய நாத்தனார் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு மயங்கி விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து, எழுப்பி, உயிரோடு இருப்பவளைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுது முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாதென்று கேன்டீனில் நாற்பது பேருக்குச் சாப்பாடு. அன்றைய எண்ணிக்கை அறுபத்து நாலு.

அது ஒரு நாளோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து யாரும் வேகமாக வேலை செய்யத் துணியவில்லை.

“எனக்கு மட்டும் அந்தப் படம் வேண்டாமுங்க சார். எங்கப்பனுக்கு நெஞ்சு வலிங்க, தாங்க மாட்டாரு” என்று லேத்தில் ஒருவன் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். இன்னொருவன் எதிர்ப் பக்கத்துக்காரன் பத்து செய்தால் தான் ஒன்பதோடு நிறுத்தினான். அதைப் பார்த்த எதிர்ப் பக்கத்துக்காரன் எட்டோடு நிறுத்தினான். வாரக் கடைசியில் சராசரி தொண்ணூற்றெட்டுக்கு வந்திருந்தது.

ஹர்ஷிணி எண்களைப் பார்த்தாள். “பரவாயில்லீங்க சார், இன்னும் ரெண்டு வாரம் இருக்குது” என்றாள். அந்தப் ‘பரவாயில்லீங்க’வைக் கேட்டதும் அவன் காலண்டரில் மீதி நாட்களை எண்ணினான்.

இரண்டாவது வாரம் படத்தை எடுத்துவிட்டு ஒரு கேள்வித்தாள் அடித்தான். பெயர் எழுத வேண்டாம். கம்பெனியில் சம்பளம், சாப்பாடு, மேலதிகாரி, பாத்ரூம், எல்லாவற்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். குறை தெரிந்தால் சரி செய்யலாம். சரி செய்தால் எண்ணிக்கை ஏறும்.

அறுபது தாள் திரும்பி வந்தது. ஐம்பத்தொன்பதில் எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து. மீதி ஒன்றில் மட்டும் பாத்ரூமுக்கு ஒன்பது. சாயந்திரம் ஒரு பெண் அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

“சார், அந்த ஒம்பது நான்தானுங்க. பேனா வழுக்கீருச்சுங்க. பத்துன்னு திருத்திக்கறீங்களா?”

“பேர் சொல்லக் கூடாதும்மா. ரகசியம்.”

“அய்யோ, ரகசியமா வேற வெச்சுக்குவீங்களா?” என்று அவள் கண் கலங்கிவிட்டாள். பிரான்சிஸ் அவள் கண் முன்னாலேயே பத்து என்று திருத்தினான்.

ஹர்ஷிணி அந்த மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு கோடு வரைந்தாள். பக்கத்தில் பம்பு எண்ணிக்கைக்கு ஒரு கோடு வரைந்தாள்.

“சந்தோசம் நூத்துக்கு நூறு. எண்ணிக்கை தொண்ணூத்தி எட்டு. அப்ப நம்ம ஆளுங்க சந்தோசமா இருந்தா வேலை கம்மியாகுதுன்னு அர்த்தமுங்களா சார்?”

பிரான்சிஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டே மெஷின் பக்கம் ஓடினான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூட்டினான்.

“உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேனுங்க. ஏதாவது ஒரு குறை சொல்லுங்க. யாரைப் பத்தி வேணும்னாலும் சொல்லுங்க. குறையே இல்லைன்னா எனக்குத்தான் கஷ்டம்.”

பாவாத்தாள் டிபன் டப்பாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தாள். “ஏனுங்க சார், மொகமே சரியில்லீங்களே. என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லீங்க” என்றான் பிரான்சிஸ்.

அவன் போன பிறகு அவர்கள் கூடிப் பேசினார்கள். சார் இவ்வளவு கெஞ்சுகிறார், ஏதாவது குறை சொல்லித்தான் ஆக வேண்டும். யாரைச் சொல்வது? முதலாளியைச் சொன்னால் பாவம். சாம்பாரைச் சொன்னால் கேன்டீன் அம்மாவுக்கு மனசு வலிக்கும். பிரான்சிஸ் சாரையே சொல்லலாம் என்றால், அவரே நொந்துபோய்க் கிடக்கிறார். கடைசியில் ஃபோர்மேன் அக்பர் அலியைச் சொல்வது என்று ஒரு மனதாக முடிவானது. பாய் தங்கமான மனுசர், இருபத்திரண்டு வருசப் பழக்கம், எதையும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மறுபடியும் கொடுத்த கேள்வித்தாளில், நாற்பத்தொரு தாளில் அக்பர் அலி வந்தார். சத்தமாகப் பேசுகிறார், முறைக்கிறார், வேலை நேரத்தில் சிரிப்பதில்லை என்று ஆளாளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். அவ்வளவாகக் கற்பனை வராத ஒருவன் ‘பாய் உயரமாக இருக்கிறார்’ என்று எழுதியிருந்தான்.

ஹர்ஷிணிக்குக் குறை கிடைத்ததில் சந்தோஷம். சம்பந்தப்பட்டவருக்கு அதைத் தெரிவிப்பதுதான் முறை என்று அவள் படித்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரே தாளில் தொகுத்து அக்பர் அலியின் கையில் கொடுத்தாள்.

அக்பர் அலி நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். “சரிங்க அம்மணி” என்று சொல்லித் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கை கழுவிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஃபோர்மேன் இல்லாத அசெம்பிளி எப்படி இருக்கும் என்பதை அந்த வாரம் எல்லாரும் பார்த்தார்கள். எந்தப் பெட்டியில் எந்த போல்ட் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எண்ணிக்கை எழுபதில் வந்து உட்கார்ந்தது. குறை எழுதிய நாற்பத்தொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பிரான்சிஸ் கோட்டைமேட்டில் அக்பர் அலியின் வீட்டுக் கதவைத் தட்டினான். வருகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தான். ‘பாய், அது பொய்ங்க. நான் கெஞ்சினதுனால எழுதினாங்க. நீங்க வரலைன்னா என் வேலை போயிரும், என் தங்கச்சி கல்யாணம் என்னாகுமோ தெரியல’ என்று.

கதவைத் திறந்த அக்பர் அலியின் மனைவி சித்திகா, “வாங்க சார், உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க” என்று இலையைப் போட்டுவிட்டாள்.

மட்டன் பிரியாணி. பிரான்சிஸ் ஒரு கவளம் தின்றுவிட்டு வாயைத் திறந்தான். சித்திகா இன்னொரு கரண்டி வைத்தாள்.

“பாய், கம்பெனில நீங்க இல்லாம…”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். ரெண்டு நாள் ஓய்வா இருக்கலாமுன்னு இருக்கேனுங்க. நீங்க சாப்பிடுங்க.”

“அந்தப் பேப்பர்ல இருந்ததெல்லாம்…”

“எந்தப் பேப்பருங்க?” என்றார் அக்பர் அலி. சட்டைப் பையில் அது வெள்ளையாகத் தெரிந்தது. “சித்திகா, சாருக்கு இன்னொரு பீஸ் வெய்யி.”

வேண்டாம் என்று சொன்னால் ஏற்கெனவே புண்பட்ட மனிதர் இன்னும் புண்படுவார். பிரான்சிஸ் மூன்று முறை வாங்கிக்கொண்டான். தொண்டை வரை நிறைந்த பிறகு மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வெளியே வர வழியில்லை. “வாரேனுங்க பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

வீடு வந்து சேர்வதற்குள் வயிறு புரட்டியது. அப்புறம் காய்ச்சல் வந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், சனிக்கிழமை வரை படுக்கையைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

“இந்த வாரம் நான் போகலைன்னா எல்லாம் முடிஞ்சுது கிருபா. இதுதான் கடைசி வாரம்” என்று பிரான்சிஸ் பாத்ரூமுக்குள்ளிருந்தே சொன்னான்.

“நீங்க மொதல்ல வெளிய வர்ற வழியப் பாருங்க. நான் லீவு சொல்லிக்கறேன்” என்று கிருபா செக்யூரிட்டி அங்கப்பனுக்குப் போன் செய்யப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மனம் கேட்காமல் பிரான்சிஸே அங்கப்பனுக்குப் போன் போட்டான். “அண்ணா, இன்னைக்கு எவ்வளவுங்க?”

“நூத்தி முப்பத்தொண்ணுங்க சார்!”

பிரான்சிஸ் எழுந்து உட்கார்ந்தான். “நூத்தி முப்பத்தொண்ணா? எழுவதுல இருந்தா?”

“பாய் வந்துட்டாருங்க சார். காத்தால ஏழு மணிக்கே வந்துட்டாருங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாம படுத்துக்கிட்டே இருங்க.”

சந்தோஷம் கால் மணி நேரம்தான் இருந்தது. இலை போட்டுச் சாப்பிட்டுக் கெஞ்சப் போனபோது வராதவர், தான் படுத்த மறுநாளே வந்துவிட்டாரே என்று யோசிக்க ஆரம்பித்தான். யோசிக்க யோசிக்கக் காய்ச்சல் ஏறியது.

புதன்கிழமை நூற்று நாற்பத்திரண்டு. வியாழன் நூற்றைம்பது. வெள்ளி நூற்றைம்பத்தொன்பது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து நூற்றிருபதைத் தாண்டாத எண்ணிக்கை. ஒவ்வொரு சாயந்திரமும் அங்கப்பன் கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற உற்சாகத்தில் சொன்னார். ஒவ்வொரு எண்ணுக்கும் பிரான்சிஸ் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டான்.

“ஏனுங்க, ஏறுனா நல்லதுதானுங்களே?” என்றாள் கிருபா.

“நான் இருந்தபோது நூத்தி இருவது, தொண்ணூத்தி எட்டு, எழுவது. நான் இல்லாதபோது நூத்தி அம்பத்தி ஒம்பது. இதை கிராஃபா போட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு.”

கிருபா யோசித்துப் பார்த்தாள். அவள் முகமும் மாறியது. சனிக்கிழமை நூற்று அறுபத்தெட்டு என்று அங்கப்பன் கத்தியபோது பிரான்சிஸ் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

திங்கட்கிழமை காலை அவன் கேட்டுக்குள் நுழைந்ததும் அங்கப்பன் சல்யூட் அடித்தார். உள்ளே நடந்தபோது லேத்திலிருந்து, வைண்டிங்கிலிருந்து, அசெம்பிளியிலிருந்து எல்லாரும் எழுந்து நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்பர் அலிகூடச் சிரித்தார். இவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, வழியனுப்பச் சிரிக்கிறார்கள் என்று பிரான்சிஸ் நினைத்துக்கொண்டான்.

ஹர்ஷிணியின் மேஜையில் கிராஃப் தயாராக இருந்தது. கோடு இரண்டு வாரம் இறங்கி, மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை திரும்பி, மேலே மேலே போயிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஹெச்.ஆர். விடுப்பு’ என்று போட்டிருந்தது.

“சம்பந்தம் இருக்குதுங்க சார்” என்றாள் ஹர்ஷிணி. அவள் குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே சங்கடப்பட்டாள். “ஆனா இப்படி இருக்கும்னு நான் எதிர்பார்க்கலீங்க. ஒரு வாரத்தை வெச்சு முடிவு பண்றதும் தப்பு. இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்க. மத்தியானம் வரைக்கும் எண்ணிப் பார்க்கலாமுங்களா?”

சாதாரண நாளில் மதியத்துக்குள் அறுபது பம்பு ஆகும். போன வாரம் எண்பதைத் தாண்டியிருந்தது. அன்று பத்தரை மணிக்குப் பதினொன்று.

பிரான்சிஸ் மெல்ல எட்டிப் பார்த்தான். கவிழ்த்துப் போட்ட பெட்டிகள்மேல் ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் இன்னொருவனுக்குத் தோள் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பிரான்சிஸின் தலையைப் பார்த்ததும் “வாங்க சார், ஒடம்பு எப்புடிங்க, இளைச்சுப்போட்டீங்களே” என்று நாலு பேர் எழுந்து வந்தார்கள். நடந்துகொண்டிருந்த கொஞ்ச வேலையும் நின்றது.

தான் கண்ணில் பட்டால்தான் இந்த நிலை. அப்படியென்றால் கண்ணில் படாமல் இருந்து பார்ப்போமே என்று அவனுக்குத் தோன்றியது. வேலை போகப் போகிறவனுக்கு எதுவும் தோன்றும். ஸ்டோர் ரூமுக்குள் போய், அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். அரை மணி நேரம். எண்ணிக்கை கொஞ்சமாவது ஏறட்டும்.

ஐந்து நிமிடத்தில் வெளியே குரல் கேட்டது.

“சாரைக் காணமுங்க!”

“இப்பத்தானுங்க காய்ச்சல்ல இருந்து எந்திரிச்சு வந்தாரு. எங்கியாச்சும் மயங்கிக் கியங்கி உழுந்துட்டாரோ என்னமோ!”

“பாத்ரூம்ல பாருங்க! கேன்டீன்ல பாருங்க!”

அக்பர் அலி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். அறுபது பேரும் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைக்கூட ஒருவன் திறந்து பார்த்தான். கடைசியில் ஸ்டோர் கதவைத் திறந்தது ஹர்ஷிணி. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்த தன் மனிதவள மேலாளரை அவள் குனிந்து பார்த்தாள்.

“ஸ்டாக்… சரி பார்த்தேனுங்க” என்றான் பிரான்சிஸ்.

மதியம் ஒரு மணிக்கு எண்ணிக்கை இருபத்து மூன்று. ஹர்ஷிணி கிராஃபில் இன்னொரு புள்ளி வைத்தாள். கோடு செங்குத்தாகக் கீழே விழுந்தது.

பிரான்சிஸ் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, தன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். மனிதவள மேலாளர் என்று கையெழுத்துக்குக் கீழே எழுதும்போது, வீட்டில் அறுநூறு இடத்தில் தங்க எழுத்தில் அது மின்னிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எழிலிடம் என்ன சொல்வது, மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் சொல்வது என்று ஒன்றும் புரியவில்லை.

ஹர்ஷிணி தாளை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் மனசு கனமாக இருந்தது. “எனக்கு வேற வழி தெரியலீங்க சார். எண்ணு அப்படித்தான் சொல்லுது” என்றாள். பிறகு எழுந்து, “வாங்க, கேட் வரைக்கும் நானும் வாரேன்” என்றாள்.

பை தோளில் தொங்க அவனும், கையில் தாளோடு அவளும் நடந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் வைண்டிங் பெண்கள் காலை நீட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாவாத்தாள் எழுந்து வந்தாள்.

“ஏனுங்க சார், அதுக்குள்ள பையத் தூக்கீட்டீங்க? மறுக்காக் காய்ச்சலுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க” என்றான் பிரான்சிஸ்.

ஹர்ஷிணி நின்றாள். மூன்று வாரமாகக் கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அப்போதுதான் முதல் முறையாக ஒரு ஆளிடம் கேட்டாள். “பாவாத்தாக்கா, போன வாரம் பூராவும் அந்த ஓட்டம் ஓட்டுனீங்க. இன்னைக்கு எல்லாரும் உக்காந்துட்டீங்க. என்னதானுங்க நடந்துச்சு?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி.”

“சொல்லுங்கக்கா. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்.”

பாவாத்தாள் அங்கப்பனைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தவள்போல முகம் மலரச் சொன்னாள்.

“சாருக்கு வேலை போயிருமாட்ட இருக்குதுன்னு அவிங்க ஊட்டு அம்மணி போன்ல அழுதாங்கன்னு அங்கப்பண்ணன் வந்து சொன்னாருங்க, அதக் கேட்டுப்போட்டுத்தான் பாய் மொதக்கொண்டு அத்தன பேரும் அஞ்சு நாளா நின்ன வாக்குலயே சோத்தத் தின்னு போட்டு ஓட்டுனோமுங்க, இன்னைக்குக் காத்தால சார் கேட்டுக்குள்ள நடந்து வாரதப் பாத்ததும், சரி, மனுசனக் காப்பாத்திப்போட்டோம், இனிச் செத்த நேரம் ஒக்காரலாமுன்னு ஒக்காந்துட்டோமுங்க!”